மெத்தைக்கடியில் கண்ணீர் அஞ்சலி

"ஆறு வருஷமா அது மேலயே என்னைப் படுக்கவெச்சுட்டு, ஊர் ஊரா அலையவிட்டு வேடிக்கை பாத்திருக்கியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையாடி?" விடிந்ததிலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருக்கிறார். அதே சொல், அதே இடத்தில் அதே இழுப்பு, 'பொம்பளையாடி' வரும்போது குரல் ஒரு படி ஏறி அங்கேயே நின்று இருமுகிறது. பொம்பளைதான். இல்லாவிட்டால் நெத்திலியை முறத்தில் கொட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளி, நகத்தால் வயிற்றைக் கீறி, கறுப்புக் குடலை வழித்துப் போட்டுக்கொண்டு இந்தப் புழுக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள். வருகிறவருக்கு நெத்திலி வறுவல் வேண்டுமாம். கோவிந்தராசு அண்ணனுக்கு நெத்திலி என்றால் உயிராம். உயிர் என்கிற வார்த்தையை அந்த மனுஷன் பேரோடு சேர்த்துச் சொல்ல இவருக்கு நாக்கு கூசவில்லை. பேரைப் பார், தைரியநாதன். ஞானஸ்நானம் கொடுத்த சாமியார் இவர் முகத்தைப் பார்க்காமலே வைத்திருக்க வேண்டும். முப்பது வருஷக் குடித்தனத்தில் ஒரு தலையணை உறை மாற்றியதில்லை இவர். முதுகுவலிக்குப் பஞ்சுமெத்தை ஆகாது, பலகையில் படுங்கள் என்று டாக்டர் சொன்னாலும் சொன்னார், நேற்று நான் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் தானே மெத்தையைச் சுருட்டியிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் நிற்கிறார். நெஞ்சுவலிதான், ஆம்புலன்சுக்குச் சொல்ல வேண்டும், நம்பர் எங்கே என்று ஒரு நொடியில் என்னென்னவோ ஓடிற்று. பார்த்தால் நற்கருணைப் பேழைக்கு முன்னால் நிற்கிற மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, பலகைமேல் கிடந்த அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கண்ணில் தண்ணீர். என் தம்பி இன்னாசி செத்ததற்கு வராத தண்ணீர். "பிலோ, இது ஒரிஜினல்டி" என்றார் முதலில், பெண் பார்த்த அன்றைக்குக்கூட என்னிடம் அப்படிக் குழைந்ததில்லை. திட்டு அதற்கப்புறம்தான் வந்தது.

ஒரிஜினல்தான். என் தம்பி அடித்ததில் எது ஒரிஜினல் இல்லை. வலது கட்டைவிரல் நகத்துக்கடியில் ஒரு முள் ஏறிவிட்டது, எடுத்தால் வராது, விட்டால் குத்தும். கூடத்தில் அவர் சாப்பாட்டு மேசைமேல் எல்லாவற்றையும் பரப்புகிற சத்தம் கேட்கிறது, பிளாஸ்டிக் உறைகள் சரசரவென்று, நடுவே அந்துருண்டை உருள்கிற சத்தம். அரிசி மாவு அரைத்தாலும், சாம்பிராணி போட்டாலும் இந்த வீட்டில் அந்துருண்டை வாசனைதான் ஜெயிக்கும். தலைவர் செத்துப் போனதில் என்னவெல்லாம் அச்சாயிற்றோ அத்தனையும் இந்த வீட்டில் இருக்கிறது. கறுப்பு ஓரம் கட்டிய அரசிதழ். ராஜாஜி மண்டபத்துக்கு உள்ளே போகிற சிவப்புப் பாஸ், வண்டிக்கு ஒட்டுகிற மஞ்சள் பாஸ். எந்த நேரத்தில் பெட்டியை இறக்க வேண்டும், எப்போது துப்பாக்கி சுட வேண்டும், யார் யார் எந்த வரிசையில் மலர்வளையம் வைக்க வேண்டும் என்று இரண்டு மொழியில் போட்ட நிகழ்ச்சிநிரல். அதில் இங்கிலீஷ் பக்கத்தில் இரண்டு தப்பு. எங்கள் கான்வென்ட் சிஸ்டர் பெர்டில்லா பார்த்திருந்தால் அந்த அதிகாரியை வெயிலில் முட்டிபோட வைத்திருப்பார். சொன்னேன், அப்போது இவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே, செத்தவரையே நான் தப்பு சொன்ன மாதிரி. பேப்பர்களின் சிறப்பிதழ்கள், காலைப் பதிப்பு தனி, மாலைப் பதிப்பு தனி. கூட்டத்தில் கொடுத்த அட்டை விசிறி, அதில் தலைவர் சிரிக்கிறார். தண்ணீர் பாக்கெட்டில் அவர் முகம் போட்டு ஒரு கம்பெனி கொடுத்திருக்கிறது, அந்தப் பாக்கெட்டைக் கூடக் கிழிக்காமல் ஒரு மூலையில் ஊசிக்குத்து குத்தித் தண்ணீரை வடித்துவிட்டு, தட்டையாக்கிக் காயவைத்து உறைக்குள் போட்டிருக்கிறார். அந்தத் தண்ணீரைக் குடித்தாரா, கீழே ஊற்றினாரா என்று கேட்க நினைத்துக் கேட்காமலே போய்விட்டது. இதே பைத்தியம் பிடித்த ஆட்கள் ஈரோட்டில் ஒருவர், கும்பகோணத்தில் ஒருவர், வாட்ஸாப்பில் குழு வைத்திருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே ஏக்கம், முந்தின தேதி போஸ்டர். தலைவர் சாவதற்கு முந்தியே செத்துவிட்டார் என்று தேதி போட்டு அடித்த கண்ணீர் அஞ்சலி. திருச்சியில் பாலக்கரையில் ஒரு பிரஸ்ஸில் அடித்தார்களாம், கொஞ்சம்தான் ஒட்டினார்களாம், எல்லாவற்றையும் கிழித்து எரித்துவிட்டார்களாம், ஒன்றுகூட மிச்சமில்லையாம். ஆம், ஆம் என்று ஊரான் கதை மாதிரிப் பேசுவார்கள், அதற்கு இவர் கைகூப்பிய பொம்மையும் அழுகிற பொம்மையும் அனுப்புவார். நீங்கள் யாருடைய மச்சான் என்று அந்தக் குழுவில் ஒருத்தனுக்காவது தெரியுமா என்று ஒருநாள் கேட்டேன். "பழசையெல்லாம் எதுக்குடி கிளறுற?" என்றார். பழசைச் சேகரிக்கிறவர் சொல்கிற பேச்சு.

முந்தின தேதி எப்படி விழுந்தது என்று எனக்குத் தெரியும், நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். தலைவர் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த வாரம் பாலக்கரையில் ஒரு பிரஸ்காரனும் தூங்கவில்லை. வெளியே சொல்ல மாட்டார்கள், சொன்னால் உதை. ஆனால் எல்லாரும் தாள் இறக்கி வைத்தாயிற்று, கறுப்பு மை டின் டின்னாக வாங்கியாயிற்று, பிளேட்டும் போட்டாயிற்று. தலைவர் படம் நடுவில், 'கண்ணீர் அஞ்சலி' மேலே, கீழே ஆர்டர் கொடுத்தவன் பேரும் வட்டத்துக்குள் அவன் கைகூப்பிய படமும். 'மறைவு' என்ற வார்த்தைக்கு எதிரே மட்டும் வெற்றிடம். மூச்சு நின்றதும் தேதியைச் சேர்த்து மெஷினை ஓட்ட வேண்டியதுதான், முதலில் சுவருக்குப் போகிறவன் போஸ்டர் எல்லார் கண்ணிலும் படும். உயிரோடிருக்கிற மனுஷனுக்கு அஞ்சலி தயார் பண்ணுகிறோமே என்று யாருக்கும் உறுத்தவில்லை. கல்யாணப் பத்திரிகையைக்கூட முகூர்த்தத்துக்கு முன்னால்தானே அக்கா அடிக்கிறோம் என்று இன்னாசி சிரித்தான். அவனுக்கு ஆர்டர் கொடுத்தவர் கோவிந்தராசு, அப்போது வட்டச் செயலாளர். ஊரில் என் போஸ்டர்தான் முதலில் நிற்கணும் என்று மூன்று தடவை வந்து மிரட்டிவிட்டுப் போயிருந்தார். தம்பி பெண்டாட்டி சலேத்மேரி பிரசவத்துக்கு மணப்பாறை போயிருந்ததால் மத்தியானச் சோறு நான்தான் கொண்டுபோவேன். ரசத்தை ஊற்றிப் பிசைகிறான், போன் அடிக்கிறது. கை எச்சில், அதனால் ஸ்பீக்கரில் போடுகிறான். என் வீட்டுக்காரர். லீவு போட்டுவிட்டுச் சென்னை ஆஸ்பத்திரி வாசலில் கூட்டத்தோடு நின்றவர். இரைச்சல், யாரோ ஒப்பாரி வைக்கிற மாதிரிக் குரல்கள், அதற்கு நடுவே இவர்: "மாப்ள, முடிஞ்சிருச்சுடா. உள்ளேர்ந்து வந்த ஆளே சொல்லிட்டான். போட்ருடா, போட்ரு, நீதான் ஃபர்ஸ்ட்டு." நிச்சயமா மச்சான் என்று இவன் இரண்டு தடவை கேட்டான். "நான் சொன்னா நம்ப மாட்டியா?" என்றார் அவர். அதுதான், அந்த வாக்கியம்தான், நெத்திலி முள் மாதிரி, எடுத்தால் வராது. நான் சொன்னால் நம்ப மாட்டியா. நம்பினான். சோற்றை மூடி வைத்துவிட்டு எழுந்தான். மெஷின் ஓடியது, தரை அதிர்ந்தது, என் காலடியில் அந்த அதிர்வு இப்போதும் இருக்கிறது, கிரைண்டர் போட்டால் வந்துவிடும். முதல் கட்டு இறங்கியதும் ஈரம் காயாத ஒரு தாளை எடுத்து நடுவில் மடிப்பு விழாமல் சுருட்டி என்னிடம் கொடுத்தான். "மச்சான் கலெக்‌ஷனுக்குக்கா. பத்திரமாக் குடு, அப்புறம் என் உசுர வாங்குவாரு."

ஆக அந்தத் தாள் இவருடையதுதான். நியாயம் பார்த்தால் நான்தான் ஆறு வருஷமாகத் திருடி. இருக்கட்டும். அன்றைக்குச் சாயங்காலம் டிவியில் தலைவர் கண் திறந்து பார்த்தார் என்று சொன்னார்கள், பட்டாசு வெடித்தார்கள். ரவுண்டானா சுவரில் கோவிந்தராசு கைகூப்பிக்கொண்டு அழுகிறார், தலைவர் மறைந்துவிட்டாராம். அவருடைய தலையே போகிற நேரம். தலைவர் சாவுக்கு ஆசைப்பட்டவன் என்று கட்சிக்குள் பேர் வந்துவிட்டால் அவ்வளவுதான். அதனால் எல்லாரையும் முந்திக்கொண்டு அவரே ஆள் கூட்டிக்கொண்டு பிரஸ்ஸுக்குப் போனார். நான் ஆர்டரே கொடுக்கலை, எதிராளி காசு வாங்கி என் படத்தைப் போட்டுட்டான் என்று தெருவில் நின்று கத்தினாராம். ஷட்டரை இறக்கிவிட்டு அடித்திருக்கிறார்கள். பைண்டிங் பார்க்கிற மிக்கேல் தாத்தா தாள் கட்டுகளுக்குப் பின்னால் பதுங்கியிருந்து கேட்டவர். "யாருடா ஒனக்குச் சொன்னது, யாருடா சொன்னது"ன்னு கேட்டுக் கேட்டு அடிச்சாங்கம்மா என்றார். அவன் என்ன சொன்னான் தாத்தா? தெரியலம்மா, நான் பின்கதவு வழியா ஓடிட்டேன். அத்தனை வயசாகி அவர் ஓடாமல் இருந்து எனக்காகக் கேட்டிருக்கக் கூடாதா. ஆஸ்பத்திரியில் இன்னாசிக்குத் தாடை உடைந்து முகம் முழுக்கக் கட்டு. என்னைப் பார்த்து எதையோ சொல்ல வருவான், தொண்டையில் ஒரு சத்தம், கண்ணில் தண்ணீர் இறங்கிக் கட்டு நனையும். பேசாதேடா பேசாதேடா என்று நானே அடக்கினேன். எழுதச் சொல்லலாமென்றால் இரண்டு கையும் இல்லை, கையைத்தான் முதலில் உடைத்திருந்தார்கள். அச்சடித்த கையாம். போலீஸ் அடையாளம் தெரியாத நபர்கள் என்று எழுதிக்கொண்டு போயிற்று. பாலக்கரையில் கோவிந்தராசுவை அடையாளம் தெரியாதாம்.

அப்புறம் தலைவர் நிஜமாகவே செத்தார், அடுத்த நாள் காலையில் இன்னாசியும் செத்தான். ஊரே கடை அடைத்துக் கிடக்கிறது. பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. மேலப்புதூரில் சவப்பெட்டி செய்கிறவர் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறார், இன்னிக்குத் திறந்தா கல்லெறிவாங்கம்மா என்று ஜன்னல் வழியாக அழுகிறார். ஊர்ப் பூவெல்லாம் முந்தின நாளே லாரியில் சென்னைக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அவனைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தோம், மேலே போர்த்தியது என் பழைய வாயில் புடவை. சந்துக்குள் வரும்போது ஒவ்வொரு வீட்டிலும் டிவி, எல்லா டிவியிலும் ஒரே ஊர்வலம், ஒரே பாண்டு வாத்தியம், பீரங்கி வண்டிமேல் கொடி போர்த்திய பெட்டி. வாசலுக்கு வாசல் அந்த வாத்தியம் எங்கள் கூடவே வந்தது. சொன்னால் பாவம், அவனுக்குத்தான் வாசிக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் தோன்றியது, நிமிர்ந்து நடந்தேன். ஊரில் எத்தனை பிரஸ் இருந்தும் அவனுக்கு ஒரு போஸ்டர் அடிக்க ஆளில்லை. பிரஸ்காரன், ஒரு கைக்கடக்கமான நோட்டீஸ்கூட இல்லாமல் குழிக்குள் போனான். இவர் அப்போது சென்னையில், பாஸ் வாங்க. தகவல் சொன்னால் "பஸ்ஸே ஓடலையே பிலோ, எப்படி வருவேன்" என்றார், அது உண்மைதான், அதுதான் எரிச்சல், இவர் சொல்கிற சாக்கு எதுவும் பொய்யாக இருக்காது. எல்லாம் முடிந்து வந்தார், தோளில் ஒரு பை நிறையத் தாள். வாசலில் நின்று, அழுவார் என்று பார்த்தால், பையை எங்கே வைப்பது, தரை ஈரமா என்று பார்க்கிறார். அன்றைக்குத்தான் அந்தப் போஸ்டரை மெத்தைக்கடியில் விரித்தேன். படுக்கட்டும். இவர் எந்தப் பக்கம் புரண்டாலும் அந்தத் தேதி முதுகுக்கடியில் இருக்கட்டும் என்று விரித்தேன். என்ன பிரயோஜனம், குறட்டைவிட்டுத் தூங்கினார்.

"பிலோ, அண்ணன் கிளம்பிட்டாராம், எண்ணெய வையி" என்கிறார் கூடத்திலிருந்து. குரலில் கோபம் போய்ச் சந்தோஷம் வந்துவிட்டது. தலைவர் நினைவுநாளுக்குக் கட்சி நடத்துகிற கண்காட்சியில் இவருக்கென்று தனியாக ஒரு கண்ணாடிப் பெட்டியாம், 'சேகரிப்பு: திரு. தைரியநாதன், திருச்சி' என்று பலகையாம். முந்தின தேதி போஸ்டர் கிடைத்துவிட்டது என்று நேற்றே கோவிந்தராசுவுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். அவர் கோபப்படவே இல்லையாம், போனில் சிரித்தாராம், என்ன பெருந்தன்மை பார்த்தியா என்கிறார். இந்த மனுஷனுக்கு மூளையா, பசையா. அந்த ஒரு தாள்தான் மிச்சம், அதில் கோவிந்தராசு கைகூப்பி நிற்கிறான், ஆர்டரே கொடுக்கவில்லை என்று சொன்னவன் அந்தப் படத்துக்கென்றே ஸ்டுடியோவில் போய் நின்று எடுத்தது. அதைக் கண்ணாடிப் பெட்டியிலா வைப்பான். எடுத்துக்கொண்டு போய் அடுப்பில் வைப்பான். வைக்கட்டும். எனக்கு அது போவது பற்றிக்கூட, சரி, போவது பற்றி வருத்தம் இருக்கிறதுதான், என் தம்பி விரல் பட்டது, ஓரத்தில் அவன் கட்டைவிரல் மை ரேகையோடு விழுந்திருக்கிறது. ஆனால் அதைவிட எனக்கு வேண்டியது வேறொன்று. யாருடா சொன்னது என்று கேட்டார்களே. இவர் பேரைச் சொன்னானா. சொல்லியிருந்தால் இவரைத் தேடி வந்திருப்பார்களே, யாரும் வரவில்லையே, அப்போது சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததனால்தான் நிறுத்தாமல் அடித்தார்களா. எங்க அக்கா புருஷன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கையை உடைத்ததோடு விட்டிருப்பார்களா. எனக்காகச் சொல்லாமல் இருந்தானா, என் தாலிக்காக, அப்படியென்றால் இந்தத் தாலி, வேண்டாம், மஞ்சள்தூள் எங்கே, மிளகாய்த்தூள் கையெரிகிறது. அல்லது சொல்லிவிட்டானா. சொல்லி, கோவிந்தராசுவுக்குத் தெரிந்தே இத்தனை வருஷமும் தைரியம் தைரியம் என்று தோளில் கைபோட்டு இவரைக் கூட வைத்திருக்கிறானா. இவருக்கும் அது தெரியுமா. தெரிந்துகொண்டே என் பக்கத்தில் படுத்தாரா. சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கிறது, வாணலியில் எண்ணெய் மாதிரி, எந்தப் பக்கம் சாய்த்தாலும் நடுவுக்கே. கட்டுக்குள்ளிருந்து அவன் சொல்ல வந்தது இதையா, இல்லை தண்ணீர் வேண்டும் என்றா. நான் பேசாதே என்றேன்.

வந்துவிட்டார். எப்போதும் நாலு கார் வரும், இன்றைக்குத் தனியாக, ஸ்கூட்டரில். அதைக்கூடக் கவனிக்காமல் இவர் வாசலுக்கு ஓடுகிறார். "வாங்கண்ணே, வாங்க வாங்க." "என்ன தைரியம், தங்கச்சி உள்ள இருக்கா? வாசம் தெருமுனை வரைக்கும் வருதே." வயசு ஏறியிருக்கிறது, குரலில் அதே வெல்லம். இவர் ஒவ்வொன்றாகக் காட்டுகிறார், இது சிவப்புப் பாஸ்ண்ணே, இது விசிறிண்ணே, இது தண்ணிப் பாக்கெட்டுண்ணே, கிழியாம வெச்சிருக்கேன். ம், ம், என்கிறார் அவர், பாக்கெட்டைப் பார்க்கவில்லை. நான் நெத்திலிக் கையோடு சமையலறை நிலையில் நிற்கிறேன். போஸ்டருக்கு வந்ததும் குனிகிறார். தலைவரைப் பார்க்கவில்லை, தேதியைப் பார்க்கவில்லை, கீழே வட்டத்துக்குள் இருக்கிற தன் முகத்தைப் பார்க்கிறார். "அப்பல்லாம் எனக்கு முடி இருந்துச்சு பாரு" என்று சிரிக்கிறார், இவரும் சிரிக்கிறார். "இது ஒண்ணுதான் இருக்கா? போட்டோ கீட்டோ எடுத்து யாருக்காச்சும் அனுப்பிச்சியா?" "இல்லண்ணே, மொதல்ல உங்ககிட்டதாண்ணே சொன்னேன். குரூப்ல கண்காட்சி அன்னிக்குத்தான் போடணும்னு..." "நல்லது. நல்லது தைரியம்." உறையிலிருந்து உருவிச் சுருட்ட ஆரம்பிக்கிறார். "அண்ணே, அண்ணே, சுருட்டாதீங்கண்ணே, மடிப்பு விழுந்துரும், அட்டையோட குடுக்குறேன்." சட்டைப் பையிலிருந்து ரப்பர் பேண்டு எடுக்கிறார், வரும்போதே கொண்டுவந்திருக்கிறார். அதைப் பார்த்த பிறகுதான் இவர் முகத்தில் ஏதோ ஆடுகிறது, "கண்காட்சிக்குத்தானேண்ணே?" என்கிறார், மிட்டாய் போய்விடுமோ என்று கேட்கிற பிள்ளை மாதிரி. "பாக்கலாம், பாக்கலாம்."

"இருங்க" என்கிறேன். என் குரல்தான், கான்வென்ட்டில் பிரேயர் ஆரம்பிக்கிற குரல், எங்கிருந்து வந்ததோ. வாசலுக்கும் அவருக்கும் நடுவில் போய் நிற்கிறேன், கையிலிருந்து மீன் தண்ணீர் சொட்டுகிறது, தாளை அவர் நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார். "பயப்படாதீங்கண்ணே, புடுங்க மாட்டேன். நீங்களே கொண்டுபோங்க, எரிங்க, கிழிங்க, நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன், கேஸு கீஸுன்னு வர மாட்டேன். ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க." "என்னம்மா தங்கச்சி..." "அன்னிக்கு மத்தியானம் ஸ்பீக்கர்ல போன் வந்தப்ப நான் பக்கத்துல இருந்தேன். அதுல பேசுனது யாருன்னு எனக்குத் தெரியும், இங்க நிக்கிற அவருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியுமான்னுதான் எனக்குத் தெரியணும்." இவர் தண்ணீர் பாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். அதன் ஓரத்தைத் தடவுகிறார், நிமிரவில்லை. உள்ளே எண்ணெய் கருகுகிறது. "ஷட்டர இறக்கிட்டு, யாருடா சொன்னது யாருடா சொன்னதுன்னு எந்தம்பியக் கேட்டீங்கள்ல? அவன் என்ன பதில் சொன்னான்? பேரு சொன்னானா, சொல்லலையா? அதை மட்டும் சொல்லுங்கண்ணே." கோவிந்தராசு இவரைப் பார்க்கிறார். இவர் மேசையைப் பார்க்கிறார். புகை கூடத்துக்குள் வருகிறது. "யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்க. ஏங்க, நீங்களாவது சொல்லுங்க."